வெளியே விழுந்த சில்லுகள்

மார்ச் ஏழு. கார்ஃபெல் மாளிகை, வடக்கு மூன்றாம் மாடி.
கண்ணாடி இரண்டு,
ஆளிவிதை எண்ணெய் மக்கு அரை ராத்தல்,
கூலி மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ்.
இவ்வளவும் என் எழுத்து.
‘புயல் உடைத்தது’ என்பது
திருமதி பிக்கர்ஸ்கில் சொல்ல எழுதியது.
வீட்டுச் சாவிகள் முழுக்க அவள் இடுப்பில்;
நடந்தால் ஆட்டு மந்தை வருவது போலிருக்கும்.

யார்க்‌ஷயர் மேட்டில் புயலுக்குப் பஞ்சமில்லை,
எந்தப் பழியையும் வாங்கிக்கொள்ளும்.
ஆனால் புயல் உடைத்தால்
சில்லு அறைக்குள் அல்லவா விழ வேண்டும்?
நான் குனிந்து பொறுக்கியது புல்வெளியில்.

மே மாதம் மறுபடி.
மின்னல் என்றார்கள்.
மின்னல் விழுந்தது மெய்தான்:
கூரைமேல் காற்றுச் சேவல் கழுத்து உருகி
அன்றிலிருந்து தெற்கை மட்டுமே பார்க்கிறது.
படிக்கட்டில் ஒரு படம்
முகத்தைச் சுவருக்குக் கொடுத்துத் தொங்குகிறது.
கீழ்வரிசையில் ஒன்பது ஜன்னல்களுக்குச் செங்கல்.
ஜன்னல் வரி, என்றார் எஜமான்.
வரியை எடுத்துப் போன கோடையோடு ஒரு வருஷம்.
செங்கலை யாரும் எடுக்கவில்லை.

நான் கேட்கவில்லை.
கண்ணாடிக்காரனை யாரும் பார்ப்பதில்லை,
அவன் வழியாகத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் கெசையா கேட்பாள்.
வாரம் ஒரு பென்னிக்கு
பிக்கரிங் வாசகசாலையில் நாவல் எடுக்கிறவள்.
மூன்று பாகம், மூன்றிலும் கோட்டை.
‘மெழுகுவத்தி அணைந்ததா?
அப்படியென்றால் யாரோ பொய் சொல்கிறார்கள்.
நாய் ஊளையிட்டதா? நிலா எந்தப் பக்கம்?’
நிலாவுக்கு நான் கூலி வாங்குவதில்லை என்பேன்.
‘உனக்குத் தெரியாது எல்கானா,
அந்தக் கதைகளில் எதுவும் சும்மா வராது.
ஒரு பொருள் இரண்டாம் தரம் வந்தால்
அது உன்னைத் தேடி வருகிறது.’

ஆகஸ்டில் மூன்றாம் தரம்.
காற்றில்லை. ஹெதர் பூத்து
மேடெல்லாம் ஊதாவாய்த் தேனீ இரைச்சல்.
ஏணியில் ஏறினேன்.
உடையாத ஒரு கண்ணாடியில், ஓரமாக,
மயிரிழைக் கீறல்:
லெட்டிஸ். 1852.

லெட்டிஸ் என்ற பெயரை எனக்குத் தெரியும்.
தேவாலயத்துக்குப் பின்னால் வெள்ளைக் கல்லில் இருக்கிறது.
அங்கே வருஷம் 1848.

கண்ணாடியில் எழுத வைரம் வேண்டும்.
ஒன்று என்னிடம், மரக் கைப்பிடியில்.
இன்னொன்று இந்தச் சுவருக்கு உள்ளே
ஏதோ ஒரு விரலில்.
எழுத்து எனக்கு நேராக இருந்தது.
அப்படியானால் அவளுக்கு இடவலம் மாறி.
எத்தனை இரவு பழகினாளோ,
வெளியில் நிற்பவன் படிக்கட்டும் என்று.

நாற்பதடி உயரத்தில்
வெளியில் நிற்பவன் யார்?
காக்கை. பிறகு நான்.

மக்கு கையில் காய்ந்துகொண்டிருந்தது.
மார்ச், மே, ஆகஸ்ட்.
அவள் ஜன்னலை உடைக்கவில்லை.
என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டத்தை வெளியிலிருந்து ஆணி அடித்திருந்தார்கள்.
நாலு ஆணி, என்னுடையவை அல்ல.
பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.
திரைக்கு அந்தப் பக்கம்
மூச்சு ஒன்று நின்று, பிறகு தொடர்ந்தது.
நான் முகம் பார்க்கவில்லை.
கீழே திருமதி பிக்கர்ஸ்கில் அண்ணாந்து,
‘முடிந்ததா?’ என்றாள்.
மக்கு இறுக வேண்டும் அம்மா,
ஏணி இன்றிரவு இங்கேயே கிடக்கட்டும் என்றேன்.
இருபது வருஷத் தொழிலில்
அவளிடம் சொன்ன முதல் பொய்.
மெழுகுவத்தி எதுவும் அணையவில்லை,
நடுப்பகல்.

கெசையாவிடம் சொன்னேன்.
புத்தகத்தில் விரலை வைத்தபடி கேட்டாள்:
‘ஏணிக்கு என்ன அர்த்தம்?’
ஏணிக்கு அர்த்தம் ஒன்றுமில்லை.
இருபத்தெட்டுப் படி.
பதினொன்றாவது கொஞ்சம் ஆடும்,
அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவள் விரலை எடுத்தாள், பக்கம் தவறியது.
எழுந்து போய்
கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு
கெட்டிலில் இன்னும் ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.